டல்ஹௌசி பிரபு: டியூஷன் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

மாலை நேரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். 1848 முதல் 1856 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இந்தியாவை ஆண்ட டல்ஹௌசியின் பாடம் வந்தால் வருஷா வருஷம் அதே கேள்விகள்தான். பாடத்தில் அந்த மனிதர் எங்கிருந்தோ வந்து இறங்குவார், சமஸ்தானங்களைப் பிடிப்பார், ரயில் விடுவார், கிளம்பிவிடுவார். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. அவர்கள் கேட்டதை அவர்கள் வாய்மொழியிலேயே வைத்து, நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் சீர்செய்து எழுதிவைத்திருக்கிறேன். பரீட்சைக்கு மட்டும் படிப்பவர்கள் 8, 9, 10 மூன்றையும் பார்த்தால் போதும். மற்றவர்கள் பேரிக்காய்க் கதையைத் தவறவிட வேண்டாம்.

1. டல்ஹௌசிங்கிறது அவரோட பேரா, ஊரோட பேரா மிஸ்?

ஊரின் பெயர். அவர் பெயர் ஜேம்ஸ். முழுசாகச் சொன்னால் ஜேம்ஸ் ஆண்ட்ரூ ப்ரூன் ராம்சே. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே, கொஞ்ச தூரத்தில், டல்ஹௌசி என்ற கோட்டை இருக்கிறது. சிவப்பு மணற்கல்லில் கட்டிய பழைய கோட்டை. ராம்சே குடும்பம் பல நூறு வருஷம் வாழ்ந்த இடம். 1812 ஏப்ரல் 22 அன்று அவர் பிறந்ததும் அங்கேதான். இப்போது அது ஒரு ஹோட்டல்.

அந்தக் கோட்டையின் பெயர் குடும்பப் பட்டத்தில் ஒட்டிக்கொண்டது, பட்டம் அவர் பெயரையே மறைத்துவிட்டது. பிறகு இமாசலப் பிரதேசத்தில் ஒரு மலை ஊருக்கு அவர் நினைவாக டல்ஹௌசி என்று பெயர் வைத்தார்கள். ஊர்ப் பெயர் ஆளுக்கு வந்து, ஆளிடமிருந்து திரும்பவும் ஓர் ஊருக்கே போயிருக்கிறது.

2. பிரபுன்னா குட்டி ராஜாவா?

இல்லை. ராஜாவுக்கு நாடு உண்டு, படை உண்டு. பிரபுவுக்கு இருப்பது பட்டமும் நிலமும். பிரிட்டனில் பிரபுக்களுக்கு ஐந்து படிகள். மேலிருந்து கீழே டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். டல்ஹௌசி குடும்பத்துக்கு 1633இல் ஏர்ல் பட்டம் கிடைத்தது. நம்ம ஆள் அந்த வரிசையில் பத்தாவது ஏர்ல். 1849இல் விக்டோரியா மகாராணி அவரை ஒரு படி மேலே, மார்க்வெஸ் ஆக்கினார்.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும். நம் ஊரில் அப்பாவின் நிலத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது போல் பட்டத்தைப் பங்கு போட முடியாது. அது மூத்த மகனுக்கு மட்டும்தான் போகும். ஜேம்ஸ் மூன்றாவது மகன். அண்ணன்கள் இரண்டு பேரும் முன்பே இறந்துபோனதால்தான் பட்டம் அவரிடம் வந்தது.

3. சின்ன வயசுல அவர் எப்படி இருந்தார்?

கப்பலில் அலைந்த பிள்ளை. அப்பா ஜார்ஜ் ராம்சே பட்டாளத்துக்காரர், நெப்போலியனுக்கு எதிரான போர்களில் சண்டை போட்டவர். அவரை அரசாங்கம் கனடா பக்கம் கவர்னராக அனுப்பியது. அதனால் ஜேம்ஸின் பால்யத்தில் ஒரு பகுதி அங்கே கழிந்தது. ஹாலிபாக்ஸ் நகரில் டல்ஹௌசி பல்கலைக்கழகம் என்று ஒன்று இன்றும் நடக்கிறது. 1818இல் அதைத் தொடங்கியவர் அப்பா. மகன் என்று நினைத்து எழுதிவிடாதீர்கள். திரும்பி வந்தபின் ஹாரோ பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார்.

இனி பேரிக்காய். இது வரலாறு இல்லை, கதை. அம்மா கிறிஸ்டியன் ப்ரூன், கோல்ஸ்டன் என்ற வீட்டைச் சேர்ந்தவர். பல நூறு வருஷத்துக்கு முன் யெஸ்டர் என்ற இடத்தில் ஹியூகோ கிஃபர்ட் என்று ஒரு மந்திரவாதிப் பிரபு இருந்தாராம். மகளை ப்ரூன் வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும்போது மரத்திலிருந்து ஒரு பேரிக்காயைப் பறித்துக் கொடுத்து, இது பத்திரமாக இருக்கும்வரை உங்கள் குடும்பம் கெடாது என்றாராம். வெள்ளிப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். 1692 வாக்கில் அந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கு ஆசை தாங்கவில்லை, ஒரு கடி கடித்துவிட்டார். அப்புறம் குடும்பத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கஷ்டம் வந்ததாம். பேரிக்காய் கல்லாக இறுகிவிட்டது, பல் தடம் மட்டும் அப்படியே இருக்கிறது என்பார்கள். ஜேம்ஸ் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்ட சூசன் ஹே அதே யெஸ்டர் வீட்டுப் பெண் என்பது மட்டும் கதை இல்லை.

4. ஸ்காட்லாந்துக்காரர் எதுக்கு லண்டன் பார்லிமென்டுக்குப் போனார்?

ஸ்காட்லாந்துக்கென்று தனிப் பார்லிமென்ட் இருந்தது. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாகச் சேர்ந்தபோது அது கலைந்து, லண்டனில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அரசியல் செய்ய ஆசைப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர் அங்கேதான் போக வேண்டும்.

முதல் தேர்தலிலேயே தோற்றார். 1835, எடின்பரோ தொகுதி. அந்தப் பக்கம் ஒரு வேடிக்கையான நாட்டுப் பாட்டு உண்டு. காக்பென் ஊர் நிலக்கிழார் பந்தாவாகக் குதிரையேறிப் பெண் கேட்கப் போவார். அந்தப் பெண் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லிவிடுவாள். காக்பென் ராம்சே குடும்பத்து நிலம். தோற்றவர் அதை வைத்தே, காக்பென்காரனை வேண்டாமென்று சொன்ன நீங்கள்தான் பைத்தியம் என்ற மாதிரி வாக்காளர்களிடம் கிண்டலாகப் பேசினார். 1837இல் ஹேடிங்டன்ஷயர் தொகுதியில் ஜெயித்தார். அடுத்த வருஷமே அப்பா இறந்தார். பட்டம் வந்ததால் மக்களவையை விட்டுப் பிரபுக்கள் சபைக்குப் போனார். அங்கே உட்கார ஓட்டு தேவையில்லை.

5. இந்தியாவுக்கு ரயில் கொண்டுவந்தவர்னா அவர் இன்ஜினியரா?

இன்ஜினியர் இல்லை, ரயில் ஃபைல்களில் ஊறியவர். இந்தியாவுக்கு வருமுன் லண்டனில் வணிக வாரியத்தின் தலைவராக இருந்தார். அப்போது பிரிட்டனில் ரயில் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. யாரைப் பார்த்தாலும் கம்பெனி தொடங்கி, ஊருக்கு ஊர் பாதை போடப் போகிறேன் என்றார்கள். அந்த வரைபடங்களை 1845 நவம்பர் 30 நள்ளிரவுக்குள் வாரியத்தில் கொடுத்தாக வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. நூற்றுக்கணக்கான திட்டங்கள், தனி ரயில் பிடித்தும் குதிரை வண்டியிலும் ஓடிவந்த ஆட்கள், அலுவலக வாசலில் தள்ளுமுள்ளு. போட்டிக் கம்பெனியின் ரயிலில் வரைபடத்தை ஏற்றமாட்டார்கள் என்பதால், அதைச் சவப்பெட்டிக்குள் வைத்து, கூடவே துக்கம் கொண்டாடும் ஆட்களையும் ஏற்றி அனுப்பினார்கள் என்றுகூடச் சொல்வார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்தவர் இந்தியாவில் அப்படி நடக்கக் கூடாது என்று நினைத்தார். பாதையைத் தனியார் கம்பெனி போடட்டும், எங்கே போடுவது என்பதை அரசு சொல்லட்டும் என்றார். பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானே வரை, 34 கிலோமீட்டர், முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16. அந்தப் பாதைக்கான பேச்சு அவர் வருமுன்பே தொடங்கிவிட்டது, அதனால் முழுப் பெருமையையும் அவருக்கே கொடுக்க வேண்டாம். நாடு முழுக்க எந்தெந்தப் பெரிய ஊர்களை இணைப்பது என்று அதே மாதம் அவர் எழுதிய நீண்ட குறிப்புதான் அவருடைய வேலை. தண்டவாளங்களுக்கு இடையே ஆறடி வேண்டும் என்று கேட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி ஐந்தரை அடிக்கு ஒத்துக்கொண்டது. இன்றைக்கும் நம் அகலப் பாதை அந்த ஐந்தரை அடிதான். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டபோது, 1856 ஜூலையில், அவர் இந்தியாவிலேயே இல்லை.

6. முப்பத்தஞ்சு வயசுல எப்படி கவர்னர் ஜெனரல் ஆக்கினாங்க?

பிரபு என்பது ஒரு காரணம். அதைவிட, ராப்பகலாக வேலை செய்யக்கூடிய ஆள் என்ற பெயர் எடுத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர் என்று தெரிந்தும் பிரதமர் ஜான் ரஸல் அவரை அழைத்தார். 1848 ஜனவரியில் கல்கத்தாவில் இறங்கினார். அதுவரை வந்த கவர்னர் ஜெனரல்களிலேயே இளையவர். மாமனார் ட்வீடேல் பிரபுவும் அந்த நேரத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தார்.

7. கோஹினூர் வைரத்தை அவர்தான் திருடினாரா?

வகுப்பில் இதற்கு எப்போதும் சண்டை வரும். நடந்ததைச் சொல்கிறேன். 1849இல் இரண்டாம் சீக்கியப் போரில் ஜெயித்து, மார்ச் 29 அன்று பஞ்சாபைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரசர் துலீப் சிங்குக்கு அப்போது பத்து வயது. உங்களில் பாதிப் பேரைவிடச் சின்னவர். அவரிடம் கையெழுத்து வாங்கிய உடன்படிக்கையில், கோஹினூரை இங்கிலாந்து ராணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தனியாக ஒரு ஷரத்து இருந்தது. காகிதப்படி திருட்டு இல்லை. ஆனால் அம்மாவையும் பிரித்துக் கூட்டிப்போன பிறகு பத்து வயதுப் பையன் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? எனக்கு அது பறித்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது.

வைரத்தை லாகூரிலிருந்து பம்பாய்க்கு டல்ஹௌசியே கொண்டுபோனார். இடுப்புப் பட்டை ஒன்றுக்குள் வைத்து இரட்டைத் தையல் போட்டு, பட்டையின் ஒரு முனையைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தார். இரவும் பகலும் அதோடுதான் இருந்தார். அதைப் பத்திரமாகச் சேர்த்தபோதுதான் நிம்மதி வந்தது என்று பிறகு கடிதத்தில் எழுதினார். ஊருக்குப் போகும்போது உங்கள் பாட்டி நகையை இடுப்பில் முடிந்துகொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி.

8. வாரிசு இழப்புக் கொள்கைன்னா என்னன்னு மண்டையில ஏறுற மாதிரி சொல்லுங்க

ஒரு ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. இந்து வழக்கப்படி ஒரு பையனைத் தத்து எடுக்கிறார். அந்தப் பையன் ராஜாவுக்குக் கொள்ளி வைக்கலாம், நகையும் சொத்தும் அவனுக்குப் போகலாம். ஆனால் நாடு போகாது, கம்பெனியின் அனுமதியில்லாமல் எடுத்த தத்து நாட்டை ஆளச் செல்லாது என்றது கம்பெனி. கம்பெனிக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானங்கள் இப்படி ஒவ்வொன்றாகக் கம்பெனியிடம் போயின. இவ்வளவுதான் அந்தக் கொள்கை.

ஜான்சியைப் பாருங்கள். ராஜா கங்காதர் ராவ் 1853 நவம்பர் 21 அன்று இறந்தார். அதற்கு முதல் நாள்தான், ஆங்கிலேய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து வயதுப் பையனைத் தத்து எடுத்தார். தாமோதர் ராவ் என்று பெயர் வைத்தார்கள். ராணி லட்சுமிபாய் மனுமேல் மனு எழுதினார். டல்ஹௌசி ஏற்கவில்லை. வருஷம் 60,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறோம், கோட்டையை விட்டுவிடுங்கள் என்பதுதான் பதில். நாக்பூரில் இன்னும் மோசம். அரண்மனை நகைகளையும் யானை, குதிரை, மாடுகளையும் ஏலம் விட்டார்கள்.

9. அதைக் கண்டுபிடிச்சதே அவர்தானே?

இல்லை. அவர் வருமுன்பே கம்பெனி இதைச் செய்திருக்கிறது. 1824இல் கித்தூர், 1840இல் ஜலாவுன் என்று உதாரணங்கள் உண்டு. முன்பு அவ்வப்போது, தயங்கித் தயங்கிச் செய்ததை இவர் சட்டமாகவே பிடித்துக்கொண்டார். 1848இல் சதாரா, 1849இல் சம்பல்பூர், 1854இல் ஜான்சி, நாக்பூர் என்று போய்க்கொண்டே இருந்தார். ராஜஸ்தானத்தில் கரௌலியையும் எடுக்கப் பார்த்தார், லண்டனில் இருந்த இயக்குநர்களே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். "கொண்டுவந்தவர்" என்று எழுதுவதைவிட "தீவிரமாகச் செயல்படுத்தியவர்" என்று எழுதுங்கள்.

10. அவத், தஞ்சாவூர் ரெண்டும் இதே கொள்கையிலதானே போச்சு?

அவத் இல்லை. மதிப்பெண் போகும் இடம் இது. லக்னோவிலிருந்து அவத்தை ஆண்ட நவாப் வாஜித் அலி ஷாவுக்கு மகன்கள் இருந்தார்கள். ஆட்சி சரியில்லை என்று காரணம் சொல்லி 1856 பிப்ரவரியில் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, அது பழுத்துக்கொண்டிருக்கும் செர்ரி, ஒருநாள் நம் வாயில் தானாக விழும் என்ற பொருளில் டல்ஹௌசி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆட்சி சரியில்லை என்ற கவலை எவ்வளவு உண்மை என்று இதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் கொஞ்சம் சிக்கல். அங்கே நிலம் 1799லேயே கம்பெனியிடம் போய்விட்டது. மராத்திய அரசரிடம் மிஞ்சியவை கோட்டையும் பட்டமும்தான். இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் பட்டத்தையும் முடித்து, அரண்மனைச் சொத்தையும் முத்திரை வைத்து எடுத்துக்கொண்டார்கள். ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859இல், மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசாங்கச் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. லட்சுமிபாய் வாள் எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். வக்கீல் வைத்த காமாட்சி பாயை நம் ஊரிலேயே யாருக்கும் தெரியவில்லை.

11. அவர் நல்லவரா கெட்டவரா மிஸ், ஒரே வார்த்தையில சொல்லுங்க

ஒரே வார்த்தையில் வராது. ஒருமுறை பலகையில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதச் சொன்னேன். 1854இல் வந்த அரையணா அஞ்சல்தலையை நல்லதில் எழுதினார்கள். கால் தோலா (சுமார் மூன்று கிராம்) எடைக்குள் இருந்தால், நாட்டின் எந்த மூலைக்கும் அரையணாவில் கடிதம் போகும். தந்திக் கம்பி, கங்கைக் கால்வாய், விதவை மறுமணச் சட்டம் எல்லாம் அதே பக்கம். அந்தச் சட்டத்துக்கு உழைத்தவர் வித்யாசாகர். வேலை டல்ஹௌசி காலத்தில் தொடங்கி, அவர் போனபிறகு நிறைவேறியது.

ஒரு பையன் மட்டும் ரயிலை இரண்டு பக்கமும் எழுதினான். ஏன் என்றதற்கு, "அதுல பட்டாளமும் போகும்ல" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். ரயில் எதற்கு என்று டல்ஹௌசி எழுதிய காரணங்களில் படையை வேகமாக நகர்த்துவதும், பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதும் முன்னால் நிற்கின்றன.

12. 1857 புரட்சிக்கு அவர்தான் காரணமா?

அவர் மட்டும் இல்லை. ஆனால் ஜான்சியும் அவத்தும் அதில் பற்றி எரிந்தது தற்செயல் இல்லை. அப்போது அவர் பதவியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

13. ஊட்டியில தங்கியிருந்தாராமே, நிஜமா?

நிஜம். 1855இல் பல மாதங்கள் நீலகிரியில், உதகையிலும் கோத்தகிரியிலும் இருந்துகொண்டே இந்தியாவை ஆண்டார். உல்லாசப் பயணம் இல்லை. உடம்பு கெட்டுப்போயிருந்தது, காலில் தீராத வலி. 1853இல் உடம்பு சரியில்லாமல் ஊருக்குக் கப்பலேறிய மனைவி சூசன் வழியிலேயே இறந்துவிட்டார். அப்புறம் மூத்த மகள் வந்து கூட இருந்தார். அவத்தை என்ன செய்வது என்ற நீண்ட குறிப்பையும் அந்த மலையில் இருந்தபோதுதான் எழுதினார். நீலகிரிக் குளிரில் லக்னோவின் தலையெழுத்து! 1856இல் ஊன்றுகோலோடு கப்பலேறினார். 1860 டிசம்பர் 19 அன்று, பிறந்த கோட்டையிலேயே இறந்தார். வயது 48தான். நான்காவது பதிலில் வந்த காக்பென்னில் அடக்கம் செய்தார்கள்.

14. அவருக்குப் பையன் இருந்தானா?

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருப்பேன். இல்லை. இரண்டும் பெண்கள், சூசன், ஈடித். இரண்டாவது பதிலைத் திரும்பப் பாருங்கள். 1849இல் கொடுத்த மார்க்வெஸ் பட்டம் அவருடைய ஆண் வாரிசுக்கு மட்டும்தான். மகன் இல்லாததால் அவரோடேயே அது முடிந்துபோனது. பழைய ஏர்ல் பட்டம் மட்டும் உறவுக்காரர் ஃபாக்ஸ் மால் என்பவருக்குப் போனது.

15. அப்போ அவரும் ஒரு பையனைத் தத்து எடுத்திருக்கலாமே?

எடுத்திருந்தாலும் செல்லாது. அவர் காலத்தில் பிரிட்டனில் தத்தெடுப்புச் சட்டமே கிடையாது. இங்கிலாந்தில் 1926இல்தான் வந்தது, ஸ்காட்லாந்தில் 1930இல். இன்றைக்கும் அங்கே தத்துப்பிள்ளைக்குப் பிரபு பட்டம் போகாது. வாரிசு என்றால் ரத்தம் மட்டும்தான் என்று நினைக்கும் ஊரில் வளர்ந்தவரிடம் தாமோதர் ராவின் மனு போயிருக்கிறது. அதனால் அவர் செய்தது சரி என்றாகாது. நம் வழக்கம் என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், கேட்டுச் சொல்ல ஆட்களும் இருந்தார்கள்.

16. அந்தப் பேரிக்காய் என்னாச்சு?

கோல்ஸ்டன் அம்மா வழி வந்த வீடு, பட்டம் இல்லை. அதனால் பெண்ணுக்குப் போவதில் சிக்கல் வரவில்லை. மூத்த மகள் சூசனிடம் வீடும் போனது, வெள்ளிப் பெட்டியும் போனது. அவர் கணவர் ராபர்ட் பர்க், கன்னிமாரா பிரபு, 1886இல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார். தாத்தா இருந்த பதவி கணவருக்கு. எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. லீவில் அங்கே போய்ப் புத்தகம் எடுக்கும் இரண்டு பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு.

பேரிக்காய் சென்னைக்கு வரவில்லை. கோல்ஸ்டனிலேயே வைத்திருந்தார்கள், பல் தடத்தோடு.